நெருங்கி வருவதை நொடியில் அளக்கும் கண்

சாலையோரம் நிற்கிறீர்கள். தூரத்தில் ஒரு கார் வருகிறது. கடக்கலாமா, வேண்டாமா என்று முடிவெடுக்க ஒரு நொடிகூட ஆவதில்லை. அந்த முடிவுக்குள் இருப்பது ஒரே கேள்விதான்: கார் இங்கே வந்து சேர இன்னும் எத்தனை நொடி? பள்ளிக்கூடக் கணக்கின்படி இதற்குத் தூரம் தெரிய வேண்டும், வேகம் தெரிய வேண்டும், முன்னதைப் பின்னதால் வகுக்க வேண்டும். உங்கள் கண்ணிடம் அளவுநாடாவும் இல்லை, வேகமானியும் இல்லை. இரண்டு கண்களும் சற்றே வெவ்வேறு கோணத்தில் பார்ப்பதால் கிடைக்கும் ஆழ உணர்வு, ஊசியில் நூல் கோக்க அருமையாகக் கைகொடுக்கும். நூறு மீட்டருக்கு அப்பால் வரும் காரின் விஷயத்தில் அதனால் பெரிய பயன் இல்லை. இருந்தும் நாள்தோறும் கோடிக்கணக்கானவர்கள் சரியாகக் கணித்து, பத்திரமாகக் கடந்துவிடுகிறார்கள்.

எப்படி? கையை நேராக நீட்டி ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். சுண்டுவிரலின் அகலம் கண்ணுக்கு ஏறக்குறைய 1 டிகிரி. மூடிய முஷ்டி 10 டிகிரி. விரித்த கையின் ஒரு சாண் 20 டிகிரி. சுமார் 1.8 மீட்டர் அகலமுள்ள கார் நூறு மீட்டர் தொலைவில் வரும்போது அந்தச் சுண்டுவிரலுக்குப் பின்னால் மறைந்துவிடும். அது மணிக்கு 36 கிலோமீட்டரில், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வருவதாக வைத்துக்கொள்வோம். சுண்டுவிரல் அளவிலிருந்து முஷ்டி அளவுக்கு வளர அந்தப் பிம்பத்துக்குச் சுமார் 9 நொடி ஆகிறது. முஷ்டியிலிருந்து ஒரு சாண் ஆக அரை நொடி போதும். அதன்பின் மிச்சம் இருப்பதும் அரை நொடிதான். முதலில் நகராததுபோல் தோன்றிவிட்டு, கடைசியில் திடீரென்று கண் முழுவதையும் அடைத்துக்கொள்ளும் இந்த வளர்ச்சிக்கு ‘அணுகுவிரிவு’ என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இந்த விரிவுக்குள்தான் அந்தக் கேள்வியின் விடை இருக்கிறது. பிம்பம் இரண்டு மடங்கு ஆக எவ்வளவு நேரம் பிடித்ததோ, அந்தப் பொருள் வந்து சேரவும் அதே அளவு நேரம்தான் மிச்சம் இருக்கிறது. காரணம் எளிது. பிம்பம் இரட்டித்தால் தூரம் பாதியாகிவிட்டது என்று பொருள். முதல் பாதியைக் கடக்க 5 நொடி என்றால், வேகம் மாறாதவரை மறுபாதிக்கும் 5 நொடிதான். காரின் அகலம் தெரிய வேண்டாம். தூரம் தெரிய வேண்டாம். வேகமும் தெரிய வேண்டாம். பிம்பம் இப்போது எவ்வளவு பெரிது, அது எவ்வளவு விரைவாக வளர்கிறது என்ற இரண்டும் தெரிந்தால் போதும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவது மீட்டர் அல்ல. நேராக நொடியே வருகிறது.

எடின்பரோ பல்கலைக்கழக உளவியலாளர் டேவிட் லீ 1976இல் இந்த விகிதத்துக்கு ‘டௌ’ என்ற கிரேக்க எழுத்தைப் பெயராக இட்டார். நாம் ‘மீதிநேரம்’ என்றே சொல்வோம். சுவையான செய்தி என்னவென்றால், இந்தக் கணக்கு அதற்கு 19 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நாவலில் அச்சாகிவிட்டது. வானியலாளர் பிரெட் ஹாயில் 1957இல் எழுதிய ‘தி பிளாக் கிளவுட்’ என்ற அறிவியல் புனைகதையில், சூரியனை நோக்கி ஒரு பெரும் கருமேகம் வருகிறது. அதன் தூரமோ பருமனோ வானியலாளர்களுக்குத் தெரியாது. ஒரு மாத இடைவெளியில் எடுத்த புகைப்படங்களில் அது எவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்பதை மட்டும் வைத்து, அது எப்போது வந்து சேரும் என்று கணக்கிட்டுவிடுகிறார்கள். விண்வெளிக்கு ஹாயில் போட்ட அதே கணக்கை, சாலையோரம் நிற்பவரின் விழித்திரையும் போட முடியும் என்பதுதான் லீ கண்ட உண்மை.

லீ இன்னொரு படியும் மேலே போனார். முன்னால் ஒரு லாரி நின்றுகொண்டிருக்கிறது, நீங்கள் பிரேக் பிடித்துவிட்டீர்கள். பிடித்த அளவு போதுமா? மீதிநேரம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைக் கவனித்தாலே போதும். பிரேக்கே பிடிக்காவிட்டால், ஒவ்வொரு நொடியும் மீதிநேரத்தில் ஒரு நொடி கழியும்: 4 என்பது 3 ஆகும். சரியான அளவில் பிரேக்கை அழுத்தி, லாரியைத் தொடும் தூரத்தில் நிற்கப் போகிறீர்கள் என்றால், நொடிக்கு அரை நொடி மட்டுமே கழியும்: 4 என்பது மூன்றரை ஆகும். அரை நொடிக்கும் குறைவாகக் கழிந்தால் லாரிக்கு முன்பே நின்றுவிடுவீர்கள். அதைவிட அதிகமாகக் கழிந்தால் இன்னும் அழுத்தியாக வேண்டும். சாலையின் வழுக்கல், வண்டியின் எடை, டயரின் தேய்மானம் எல்லாமே இந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. எந்த ஓட்டுநரும் இதை அறிந்து கணக்கிடுவதில்லை. ஒவ்வோர் ஓட்டுநரும் இதை மட்டுமே நம்பி ஓட்டுகிறார் என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் இவ்வளவு கச்சிதமான தகவல் கண்ணுக்குள் தானாகவே வந்து விழுகிறது என்பது எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இந்தத் திறனை நாம் அனுபவத்தால் பெறுகிறோமா? 1962இல் வில்லியம் ஷிஃப், ஜேம்ஸ் கேவினஸ், ஜேம்ஸ் கிப்சன் மூவரும் ரீசஸ் குரங்குகளின் எதிரே ஒரு திரையை வைத்து, அதில் ஒரு நிழலை விரியவிட்டார்கள். நிழலால் யாரையும் அடிக்க முடியாது. காற்று வீசவில்லை, சத்தம் எழவில்லை. ஆனாலும் குரங்குகள் கூண்டின் பின்பக்கம் தாவி ஒடுங்கின, சில அலறின. திரும்பத் திரும்பக் காட்டியும் அந்தப் பயம் தெளியவில்லை. அதே நிழலைச் சுருங்கவிட்டபோது பயம் காணோம். என்னவென்று பார்க்கும் ஆவல்தான் தெரிந்தது.

1971இல் வில்லியம் பால், எட்வர்ட் டிரோனிக் இருவரும் இதைக் கைக்குழந்தைகளிடம் செய்து பார்த்தார்கள். 2 வாரம் முதல் 11 வாரம் வரையுள்ள குழந்தைகள். தவழக்கூடத் தெரியாதவை, எதன்மீதும் போய் மோதிக்கொண்ட அனுபவம் இல்லாதவை. நிழல் எல்லாப் பக்கமும் சமமாக விரிந்தபோது தலையைப் பின்னுக்கு இழுத்துக் கைகளை முகத்தருகே தூக்கின. நிழல் ஒரு பக்கமாகச் சாய்ந்து விரிந்தபோது அமைதியாக அதைக் கண்ணால் பின்தொடர்ந்தன. ஏனென்றால் ஒருபுறமாக விரிவது உரசாமல் விலகிப் போகிற பொருள்; சமமாக விரிவதுதான் நேராக முகத்தைத் தாக்க வருவது. தலையைப் பின்னுக்கு இழுத்தது தற்காப்புத்தானா, மேலே ஏறும் விளிம்பைக் கண் தொடர்ந்ததால் தலையும் கூடவே போனதா என்று பின்னாளில் வாதம் எழுந்தது. கண் சிமிட்டலே நம்பகமான அடையாளம் என்று பிந்தைய ஆய்வாளர்கள் அதை அளக்கத் தொடங்கினார்கள்.

காதும் இதில் பங்கு கொள்கிறது. உளவியலாளர் ஜான் நியூஹாஃப் 1998இல் வெளியிட்ட ஆய்வில், கேட்பவர்களுக்கு இரண்டு ஒலிகளைக் கொடுத்தார். ஒன்று படிப்படியாக உரக்கும், மற்றொன்று அதே அளவு படிப்படியாகத் தேயும். கருவியின் கணக்கில் மாற்றம் சமம். காதுக்கோ உரக்கும் ஒலிதான் அதிகம் மாறியதாகப் பட்டது. நெருங்கும் ஒலியை மூளை மிகைப்படுத்திக் கேட்கிறது. ஒரு கணம் முன்னதாக விலகுவதால் நட்டம் ஒன்றுமில்லை. ஒரு கணம் பிந்தினால் உயிரே போகலாம்.

இத்தனையையும் செய்ய எத்தனை நரம்பணுக்கள் வேண்டும்? வெட்டுக்கிளியிடம் கேட்டால் பக்கத்துக்கு ஒன்று போதும் என்கிறது. அதன் ஒவ்வொரு கூட்டுக் கண்ணுக்குப் பின்னாலும், விசிறிபோல் கிளைவிரித்த ஒரு பெரிய நரம்பணு இருக்கிறது. கண்ணின் ஆயிரக்கணக்கான சிறு முகப்புகளிலிருந்து வரும் செய்திகள் எல்லாம் அந்த ஓர் அணுவில் கூடுகின்றன. ஏதாவது நெருங்கினால் அது படபடவென்று துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் அப்படியே அடுத்த நரம்பணுவுக்கு மாறி, தடித்த இழை வழியாகக் காலையும் இறக்கையையும் இயக்கும் நெஞ்சுப் பகுதிக்குப் பாய்கிறது. நியூகாசில் பல்கலைக்கழகத்தில் கிளேர் ரிண்டும் பீட்டர் சிம்மன்சும் இந்த அணுவில் மின்முனையைப் பொருத்தி, ‘ஸ்டார் வார்ஸ்’ படக் காட்சிகளை வெட்டுக்கிளிக்குப் போட்டுக் காட்டினார்கள். திரையில் விண்கலங்கள் நேராகப் பாய்ந்து வந்தபோது அந்த அணு துடித்தது. முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்காகத் தரப்படும் இக் நோபல் பரிசு 2005இல் இதற்குக் கிடைத்தது.

அந்த அணு போடும் கணக்கு இன்னும் வியப்பானது. பிம்பத்தின் விளிம்புகள் எவ்வளவு வேகமாக விரிகின்றன என்பது அதைத் தூண்டிவிடுகிறது. பிம்பம் எவ்வளவு பெரிதாகிவிட்டது என்பது அதை அடக்கிவைக்கிறது. இரண்டும் போட்டி போடுவதால் துடிப்பு ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, சட்டென்று இறங்குகிறது. பொருள் ஒரு குறிப்பிட்ட கோண அகலத்தை எட்டிச் சிறிது நேரத்தில் அந்த உச்சம் வருகிறது. வேகம் கூடினாலும் குறைந்தாலும் அந்தக் கோணம் மாறுவதில்லை. இதற்குத் தூண்டலையும் அடக்கலையும் ஒன்றோடொன்று பெருக்கியாக வேண்டும். ஒற்றை அணு எப்படிப் பெருக்கும்? மடக்கை அட்டவணையை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டவர்களுக்கு வழி தெரியும்: பெருக்க வேண்டிய எண்களை மடக்கைகளாக மாற்றிக் கூட்டிவிட்டு, விடையை மறுபடி சாதாரண எண்ணாக மாற்றுவோம். ஃபப்ரீசியோ கப்பியானியும் அவர் குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வின்படி, வெட்டுக்கிளியின் அணுவும் ஏறக்குறைய அதே வழியில்தான் செய்கிறது. தூண்டல் மடக்கை வடிவில் வருகிறது, அதிலிருந்து அடக்கல் கழிகிறது, அணுவின் துடிப்பு அந்த விடையை மீண்டும் விரித்துக் கொடுக்கிறது.

புறாவின் மூளையில் வேறொரு வகை அணுக்கள் இருக்கின்றன. கனடாவில் வாங், ஃபிராஸ்ட் இருவரும் 1992இல் இவற்றைக் கண்டார்கள். பந்து பெரிதோ சிறிதோ, வேகமாக வருகிறதோ மெல்ல வருகிறதோ, மோதலுக்கு முன் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இவை துடிக்கத் தொடங்கும். லீ சொன்ன மீதிநேரத்தையே அளக்கும் அணுக்கள். பழ ஈயின் அவசரம் இன்னொரு விதம். நீங்கள் அடிக்கக் கையை ஓங்கியதும், பறப்பதற்குச் சுமார் 200 மில்லிநொடிக்கு முன்பே அது தன் கால்களைத் தள்ளிவைத்து உடலைச் சாய்த்துக்கொள்கிறது. கை வரும் திசைக்கு எதிர்த்திசையில் தாவுவதற்கான ஏற்பாடு அது. நம் மூளையில் இந்த எச்சரிக்கை மணி நடுமூளையின் முதுகில் உள்ள சிறு புடைப்புகளில் இருப்பதாக மூளைப் படங்கள் காட்டுகின்றன. என்ன பொருள் என்று அடையாளம் காணும் மூளைப்புறணியைவிடப் பழைய பகுதி அது.

மீதிநேரக் கணக்குக்கு ஒரு குறை உண்டு. அது வேகம் மாறாது என்று எடுத்துக்கொள்கிறது. மேலிருந்து விழும் பொருளோ நொடிக்கு நொடி வேகம் கூடி வருகிறது. அப்படியிருக்க, மேலே எறிந்த பந்தை எப்படிச் சரியான கணத்தில் பிடிக்கிறோம்? 1998இல் நாசாவின் நியூரோலேப் விண்வெளிப் பயணத்தில் இதைச் சோதித்தார்கள். விண்கலத்துக்குள் விழுதல் என்பதே இல்லை. மேற்புறத்திலிருந்து தள்ளிவிட்ட பந்து ஒரே சீரான வேகத்தில் வந்தது. கண் முன்னால் நடப்பதை மட்டும் நம்பியிருந்தால் வீரர்கள் சரியாகப் பிடித்திருக்க வேண்டும். அவர்களுடைய கைத்தசைகளோ சற்று முன்னதாகவே இறுகின. இல்லாத ஈர்ப்பை அவர்கள் மூளை கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தது! இரண்டு வாரம் பயணம் செய்தும் அந்தப் பழக்கம் முழுதாக மாறவில்லை. பூமியின் ஈர்ப்பு விசை நமக்குப் பாடப்புத்தகத்தில் வருவதற்கு வெகு முன்பே நம் மூளைக்குள் குடியேறிவிட்டது.

கிரிக்கெட்டில் இந்த முன்கணிப்பு ஓர் எல்லையைத் தொடுகிறது. மணிக்கு 144 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 40 மீட்டர். கிரீஸிலிருந்து கிரீஸ் வரை 17.7 மீட்டர், பந்துக்குச் சுமார் 0.44 நொடி போதும். பந்து தரையில் பட்டுத் திரும்பியதைக் கண்டு மட்டையை மாற்ற, கைதேர்ந்த ஆட்டக்காரருக்கும் ஏறக்குறைய 0.2 நொடி தேவை என்று பீட்டர் மெக்லியோட் 1987இல் காட்டினார். அதாவது கடைசி 8 மீட்டரில் நடப்பது எதற்கும் மட்டையால் பதில் சொல்ல முடியாது. ‘பந்தை விட்டுக் கண்ணை எடுக்காதே’ என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். மைக்கேல் லாண்டுடன் சேர்ந்து மெக்லியோட் 2000இல் பேட்ஸ்மேன்களின் விழியசைவைப் பதிவு செய்தபோது தெரிந்தது வேறு. பந்து கையை விட்டதும் சிறிது நேரம் அதைப் பார்க்கிறார்கள். பிறகு பந்தை விட்டுவிட்டு, அது குத்தப்போகும் இடத்துக்குக் கண்ணைத் தாவவிட்டு அங்கே காத்திருக்கிறார்கள். ஆட்டக்காரர் எவ்வளவு தேர்ந்தவரோ, அந்தத் தாவல் அவ்வளவு சீக்கிரம் நிகழ்கிறது.

இவ்வளவு திறமையான கருவி எங்கே ஏமாறுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் ஊர்ச் சாலைகளில் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பிம்பம் வளர்வது கண்ணுக்குப் பட ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். சோதனைகளின்படி அது நொடிக்குச் சுமார் 0.17 டிகிரி, அதாவது சுண்டுவிரல் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு. அதற்கும் மெதுவாக வளர்ந்தால் வண்டி இருப்பது தெரியும். அது நம்மை நோக்கி வருவது தெரியாது. இந்த அளவை வைத்துக் கணக்கிடுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் கார் நெருங்குவது 100 மீட்டர் தொலைவில் தெரிய ஆரம்பிக்கும். கையில் 6 நொடி இருக்கும். அதே வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிளின் அகலம் 0.8 மீட்டர்தான். அது நெருங்குவது 67 மீட்டருக்குள் வந்தபிறகே தெரியும். கையில் 4 நொடிதான். 7 மீட்டர் அகலமுள்ள இருவழிச் சாலையைச் சாதாரண நடையில் கடக்க ஏறக்குறைய 6 நொடி ஆகும்.

வேகம் கூடினால் நிலைமை இன்னும் மோசம். வேகமாக வருவதன் பிம்பம் வேகமாக விரியும், அதனால் முன்னதாகவே தெரியும் என்று தோன்றும். தூரத்தைப் பொறுத்தவரை அது உண்மைதான்: மோட்டார் சைக்கிள் 80 கிலோமீட்டரில் வந்தால் 77 மீட்டரிலேயே தெரிந்துவிடும். ஆனால் அந்த 77 மீட்டரை அது மூன்றரை நொடியில் கடந்துவிடும். வண்டி எவ்வளவு வேகமோ, அது அசைவதைக் கண் உணரும்போது மிச்சம் இருக்கும் நேரம் அவ்வளவு குறைவு. பத்து வயதுப் பிள்ளைக்கு இந்த வரம்பு இன்னும் கடினம். லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியில் ஜான் வான், டேமியன் பூல்டர், கேத்தரின் பர்செல் மூவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளின் அணுகுவிரிவு உணர்வு பெரியவர்களுடையதைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. வேகமாக வரும் வண்டி அவர்களுக்கு நிற்பதுபோலவே தோன்றக்கூடும். சாலையில் பிள்ளை தாவிவிட்டால், ‘பார்த்துப் போகக் கூடாதா?’ என்று கேட்கிறோம். பிள்ளை பார்த்திருக்கும். பார்த்தும் அதன் மூளைக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டாமலிருக்கலாம்.

நெடுஞ்சாலையில் ஓட்டுபவரும் தப்புவதில்லை. ராப் கிரேயும் டேவிட் ரீகனும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டுநர்களைக் காலியான நேர்சாலையில் 5 நிமிடம் ஓட்டவைத்தார்கள். உண்மைச் சாலையில் அல்ல, பயிற்சிக் கருவியில். சாலை ஓயாமல் விரிந்து வருவதைப் பார்த்துப் பார்த்து, விரிவை உணரும் நரம்பணுக்கள் சலித்துவிடுகின்றன. அதன்பின் முன்னால் செல்லும் வண்டியை அவர்கள் வழக்கத்தைவிடத் தாமதமாக, மிக நெருங்கிய பிறகே முந்த ஆரம்பித்தார்கள். மீதிநேரம் இன்னும் நிறைய இருப்பதாக அவர்கள் மூளை சொல்லிக்கொண்டிருந்தது.

இரவில் வருவது இன்னொரு தொல்லை. பகலில் மோட்டார் சைக்கிளுக்கு 0.8 மீட்டர் அகலமாவது இருக்கிறது. இருட்டில் வண்டியின் உருவம் மறைந்து, ஒற்றை விளக்கு மட்டும் ஒரு புள்ளியாக மிதந்து வருகிறது. புள்ளிக்கு அகலம் ஏது, அது விரிவதைக் கண் எப்படிக் காணும்? கிட்டே வரும்வரை மீதிநேரக் கணக்குக்கு இடமே இல்லை. அதே ராயல் ஹாலோவே ஆய்வுக் குழு, முகப்பு விளக்கு மட்டும் உள்ள மோட்டார் சைக்கிளையும், அதோடு இன்னும் இரண்டு சிறு விளக்குகளை விலக்கிப் பொருத்தி மூன்றும் முக்கோணமாக எரியும் மோட்டார் சைக்கிளையும் ஒப்பிட்டுப் பார்த்தது. வெளிச்சம் குறையக் குறைய ஒற்றை விளக்கு வண்டியின் வேகத்தைக் கணிப்பதில் பிழை பெருகியது. மூன்று விளக்கு வண்டியில் அந்தப் பிழை வெகுவாகக் குறைந்தது. வண்டி நெருங்க நெருங்க மூன்று புள்ளிகளும் ஒன்றிலிருந்து ஒன்று விலகிச் செல்கின்றன. விலகும் வேகம் கண்ணில் பட்டுவிட்டால், மீதிநேரத்தைக் கணிக்க அதுவே போதும்.